ஒட்டுப் போர்வை தைத்த ஊர்

பருத்தியை விளைவிப்பவர் ஒருவர். அதை நூலாக்கி நெய்பவர் மற்றொருவர். இவ்விருவரின் உழைப்பையும் நம் சங்கங்கள் நன்கு அறியும். ஆனால் நெய்த துணி உடுத்தித் தேய்ந்து கிழிந்த பிறகு, அதை எடுத்து மீண்டும் ஒரு பயனுள்ள பொருளாக்கும் மூன்றாவது கை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கை. அந்தக் கையின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பருத்திக் குடியானவர் வீட்டுப் பெண்கள் அந்த உழைப்பையே மூலதனமாகக் கொண்டு 1966-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அவர்கள் தைத்தது ஒட்டுப் போர்வை; ஆங்கிலத்தில் குவில்ட் என்பர். துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊசித் தையலால் ஒன்றாக்கிய போர்வை அது. அதைத் தைக்கும் முறையும், அதை விற்றுப் பிழைக்கச் சங்கம் கண்ட வழியும் நம் அங்கத்தினர்கள் அறியத்தக்கவை.

ஆற்று வளைவில் ஓர் ஊர்

அலபாமா ஆறு வில்காக்ஸ் வட்டத்தில் ஒரு பெரிய வளைவாகத் திரும்பி ஓடுகிறது. மூன்று புறமும் நீர் சூழ்ந்த அந்த நிலத்துக்கு ஜீஸ் பெண்ட், அதாவது ‘ஜீயின் வளைவு’ என்று பெயர். 1816-ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் அங்கே அடிமைகளைக் கொண்டு பருத்திப் பண்ணை அமைத்தார். 1845-ஆம் ஆண்டில் பண்ணை மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. இன்றும் அவ்வூரில் பெட்வே என்ற குடும்பப் பெயரே மிகுதி. பண்ணையாரின் பெயர் அவர் அடிமைகளின் சந்ததியாருக்குத் தங்கிவிட்டது.

1865-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. நிலம் மட்டும் கை மாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே மண்ணில் வாரக் குடிகளாக இருந்து பருத்தி பயிரிட்டனர். விதைக்கும் உணவுக்கும் வியாபாரியிடம் கடன் வாங்குவதும், அறுவடையில் அதை அடைப்பதும், மீண்டும் கடன் வாங்குவதுமாகக் காலம் சென்றது. இந்தச் சக்கரம் எப்படிச் சுழலும் என்பதை நம் விவசாயிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை.

1927-ஆம் ஆண்டில் பவுண்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 20 சென்ட் விற்ற அமெரிக்கப் பருத்தி, 1931-ஆம் ஆண்டில் 6 சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. மறு ஆண்டு, இவ்வூராருக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி ஒருவர் காலமானார். அவருடைய குடும்பத்தார் நிலுவையை வசூலிக்க முனைந்தபோது, கோவேறு கழுதை, பசு, கோழி, கலப்பை, களஞ்சியத்துச் சோளம் என்று எஞ்சியிருந்த எல்லாவற்றையும் வண்டியேற்றிக் கொண்டு போயினர். ஏறக்குறைய 60 குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தை வெறுங்கையோடு சந்தித்தன. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவு பலருடைய உயிரைக் காத்தது.

பின்னர் 1937-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மறுகுடியேற்றத் துறை அப்பண்ணையை விலைக்கு வாங்கி, புதிய வீடுகளும், கூட்டுறவுப் பண்டகசாலையும், பருத்தி அரைக்கும் ஆலையும் அமைத்துக் கொடுத்தது. 1940-களில் குறைந்த வட்டிக் கடன் பெற்று அக்குடும்பங்கள் நிலத்துக்கு உரிமையாளராயின. பிற்காலத்தில் இவ்வூரார் அச்சமின்றி நிமிர்ந்து நிற்க முடிந்ததற்கு இந்நில உரிமை பெருங்காரணமாயிற்று.

கந்தலில் பிறந்த போர்வை

பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்று நுழையும் வீடுகளில், குளிருக்கு ஒரே காப்பு போர்வைதான். புதுத்துணி வாங்க வழியில்லை. ஆகவே வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டை, சட்டை, பாவாடை, மாவுப் பை, உரச் சாக்கு ஆகியவையே துணியாயின. வயலில் எஞ்சிய பருத்தியும் அரவை ஆலையின் தரையில் கூட்டிய பஞ்சும் கோலால் அடித்துத் தூய்மை செய்யப்பட்டு நடு அடுக்காயின. பழைய கால்சட்டையில் பை தைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக இருக்கும். முழங்கால் பட்ட இடம் வெளுத்திருக்கும். இந்த நிற வேற்றுமைகளை மறைக்காமல், அவற்றையே அழகாக அமைத்துக் கொள்ளும் கண் அப்பெண்களுக்கு இருந்தது.

1942-ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்ற பெண்மணி, காலமான தம் கணவர் வயலில் உடுத்திய உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவருடைய உடல் மறைந்தாலும் அவர் உடுத்திய துணி குடும்பத்தைப் போர்த்திக் கொண்டிருக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்தப் போர்வை இன்று அமெரிக்கத் தலைநகரின் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அத்தகைய போர்வைகளுக்குச் சந்தையில் விலை உண்டு என்று அக்காலத்தில் அவ்வூரில் யாரும் கருதவில்லை.

சங்கம் பிறந்தது

1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழ்ந்த வில்காக்ஸ் வட்டத்தின் வாக்காளர் பட்டியலில் அவர்களுள் ஒருவர் பெயர் கூட இடம்பெற்றிருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். வாக்குரிமை கேட்டவர்களுள் குத்தகை நிலத்தில் இருந்தோர் பலர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆற்றைக் கடந்து வட்டத் தலைநகரான கேம்டனுக்குச் செல்ல உதவிய ஓடத்துறை 1962-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குச் சாலை வழியே சுற்றிச் செல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஓடம் மீண்டும் ஓடியது 2006-ஆம் ஆண்டில்தான்.

இந்நிலையில், 1965-ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வழியே சென்ற பிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார், ஒரு வீட்டின் கொடியில் காய்ந்து கொண்டிருந்த போர்வைகளைக் கண்டு வியந்தார். ஒன்று 10 டாலர் வீதம் பல வீடுகளில் போர்வைகளை வாங்கி நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். விற்ற பணம் தைத்தவர்களுக்கே திரும்பியது. 1966-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 60-க்கும் மேற்பட்டோர் ஒரு தேவாலயத்தில் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். ‘சுதந்தர ஒட்டுப்போர்வைக் கூட்டம்’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். அதன் ஆங்கிலப் பெயரில் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லுக்குத் தேனீ என்றும் பொருள் உண்டு. அண்டை வீட்டார் கூடி ஒருவர் வேலையை அனைவருமாகச் செய்து முடிப்பதற்கு அந்நாட்டில் அச்சொல்லே வழங்குகிறது.

எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் நீண்ட காலம் இச்சங்கத்தின் நிருவாகப் பொறுப்பை ஏற்று நடத்தினார். சங்கம் நிலம் வாங்கியது. 1969-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் நினைவாகத் தையற்கூடம் கட்டியது. வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியை, வாக்குரிமை கேட்டதற்காக வெளியேற்றப்பட்ட சில குடும்பங்களுக்கு மனைகளாக விற்றது. ஊசி பிடித்த கைகள் வீடிழந்தவர்களுக்கு இடம் தேடிக் கொடுத்த இச்செய்தியைக் கூட்டுறவாளர் எவரும் மறக்கலாகாது.

சந்தை கேட்ட சீர்

வீட்டுக்குத் தைக்கும்போது அளவு சற்றுக் கோணினாலும் குறையில்லை. அவ்வூர்ப் பெண்கள் அளவுகோலின்றிக் கண் மதிப்பாலேயே வெட்டுவதில் வல்லவர்கள். பெரிய அங்காடிகளின் கொள்முதல் உத்தரவு வந்தபோது நிலைமை மாறியது. ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே நெருக்கமான தையல் வேண்டும் என்று வாங்குவோர் கேட்டனர். தன் மனப்போக்கில் தைத்துப் பழகியவருக்கு இது எளிதாக இல்லை. ஆயினும் சங்கத்தின் பெயரில் செல்லும் பொருளுக்குச் சங்கமே பொறுப்பாளி என்பதை உணர்ந்து, தரத்தை அவர்களே வகுத்துக் கொண்டனர். அத்தகைய தரத்தோடு வீட்டில் ஒட்டுப் போர்வை தைக்க விரும்பும் நம் சகோதரிகளுக்குப் பயன்படும் பொருட்டு, செய்முறையைக் கீழே தருகிறோம்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

நடுத்தரக் கனமுள்ள சாதா நெசவுப் பருத்தித் துணியே ஒட்டுப் போர்வைக்கு உகந்தது. மிக நெருக்கமாக நெய்த துணியில் கை ஊசி எளிதில் இறங்காது, விரல் நோகும். மிகத் தளர்வாக நெய்ததில் வெட்டிய ஓரம் பிரியும். நடுவே வைத்த பஞ்சும் இழைகளின் ஊடே வெளியே எட்டிப் பார்க்கும். கனத்த துணியையும் மெல்லிய துணியையும் ஒரே போர்வையில் அடுத்தடுத்து இணைத்தால், கனத்தது மெல்லியதை இழுத்துக் கிழிக்கும். பழைய துணியானால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை நைந்த பகுதியை நீக்கிவிட வேண்டும்.

எல்லாத் துணியையும் வெட்டுமுன் துவைத்துக் காய வைப்பது அவசியம். ஒரு துணி அதிகம் சுருங்கும். மற்றொன்று குறைவாகச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் போர்வை முழுதும் நெளியும். சாயத்தையும் அப்போதே சோதிக்கலாம். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். 1960-களில் நம் சென்னைக் கட்டத் துணி, சாயம் ஓடுவதையே சிறப்பாகச் சொல்லி அமெரிக்காவில் ‘சாயம் ஓடும் மெட்ராஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. சட்டைக்குச் சிறப்பாக இருந்த அக்குணம் ஒட்டுப் போர்வைக்குப் பெருங்குறை. ஒரு துண்டின் சாயம் பக்கத்துத் துண்டையும் கெடுத்துவிடும்.

நெசவாளர் வீட்டாருக்கு இத்தொழிலில் ஒரு சாதகம் உண்டு. பாவு எது, ஊடை எது என்று பார்த்ததும் அறிவார்கள். பாவு நீளவாட்டில் துணி மிகக் குறைவாக நீளும். ஊடைவாட்டில் சற்று நீளும். மூலைவிட்டமாக இழுத்தால் மிகுதியாக நீளும். ஆகவே துண்டு நாடாக்களைப் பாவு நீளவாட்டிலேயே வெட்ட வேண்டும். மூலைவிட்டமாக வெட்டியவை தைக்கும்போது இழுபட்டு அளவு மாறும்.

வெட்டும் இணைப்பும்

ஜீஸ் பெண்டில் மிகுதியும் வழங்கும் மாதிரிக்கு ‘வீட்டுக் கூரை’ என்று பெயர். நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றிச் சுற்றி நாடாக்கள். மேலிருந்து பார்த்த தெப்பக்குளத்தின் படிக்கட்டுகளை நினைத்துக் கொண்டால் உருவம் விளங்கும். புதிதாகக் கற்பவருக்கு இதுவே எளியது. நேர்வெட்டும் நேர்த்தையலும் தவிர வேறொன்றும் இதற்கு வேண்டியதில்லை.

துணியை 2½ அங்குல அகல நாடாக்களாக வெட்டிக் கொள்ளவும். ஒவ்வொரு பக்கமும் ¼ அங்குலம் தையலுக்குப் போக, 2 அங்குலம் வெளியே தெரியும். நடுவில் 2½ அங்குலச் சதுரம் ஒன்றை வைத்து, அதன் வலப்புறத்தில் அதே நீளமுள்ள நாடாவை இணைக்கவும். பிறகு மேற்புறம், இடப்புறம், கீழ்ப்புறம் என்று ஒரே திசையில் சுற்றி வரவும். ஒவ்வொரு புதிய நாடாவும் முந்தியதன் முனையையும் சேர்த்து மூடும் நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் சதுரம் 4 அங்குலம் பெருகும். நான்கு சுற்றுகளில் 18 அங்குலச் சதுரம் கிடைக்கும். இதற்கு நாடா ஏறக்குறைய 168 அங்குலம், அதாவது 4⅔ கெஜம் ஆகும்.

இத்தகைய சதுரங்கள் அகலத்துக்கு 4, நீளத்துக்கு 5 ஆக 20 தைத்து இணைத்தால், 6 அடி அகலமும் 7½ அடி நீளமும் உள்ள போர்வையாகும். ஒவ்வொரு தையலையும் தைத்த உடனே, ஓரத்தை அடர்ந்த நிறத்துணியின் பக்கம் மடித்து அழுத்தித் தேய்க்க வேண்டும். சதுரம் ஒவ்வொன்றும் இணைக்குமுன் 18½ அங்குலம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது நலம். நாடா ஒவ்வொன்றிலும் நூலிழை அளவு பிழை நேர்ந்தாலும், இருபது சதுரங்களைச் சேர்க்கும்போது அது அங்குலக் கணக்கில் வந்து நிற்கும்.

மூன்று அடுக்கைச் சேர்த்தல்

அடித்துணி மேல்துணியை விட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருத்தல் வேண்டும். 48 அங்குல அகலத் துணியானால் 5½ கெஜம் வாங்கி, நடுவே வெட்டிப் பக்கவாட்டில் இணைத்துக் கொள்ளலாம். அதைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, நன்கு கொட்டிய பஞ்சை ஒரே கனமாகப் பரப்பவும். மெல்லிய போர்வைக்கு ஏறக்குறைய 1 கிலோ பஞ்சு போதும். அதன் மேல் மேல்துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி 4 அங்குல இடைவெளியில் நீண்ட தற்காலிகத் தையல் போட்டு மூன்றையும் நிறுத்த வேண்டும்.

பிறகு மரச்சட்டத்தில் கட்டித் தைக்கலாம். ஜீஸ் பெண்டில் சட்டத்தைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து தைப்பர். பேச்சும் பாட்டுமாக வேலை நடக்கும். மெல்லிய குட்டை ஊசியும், ஊசியைத் தள்ளும் நடுவிரலுக்கு உலோக விரலுறையும் தேவை. சாதாரண ஓட்டுத் தையலே போதும். நூலின் முடிச்சை மெதுவாக இழுத்துப் பஞ்சுக்குள் மறைத்துவிட்டுத் தைக்கத் தொடங்க வேண்டும். கை தேர்ந்தவர் அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் போடுவர். தொடங்குபவர் 5 அல்லது 6 போட்டால் குறையில்லை. தையல் சிறியதாக இருப்பதைக் காட்டிலும் ஒரே சீராக இருப்பதே முக்கியம். கையால் பரப்பிய பஞ்சுக்குத் தையல் வரிகள் 2 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் முதல் சலவையிலேயே பஞ்சு திரண்டு உருண்டைகளாகும். இறுதியில் 2 அங்குல நாடாவால் நான்கு ஓரங்களையும் மடித்துக் கட்டினால் போர்வை முடிந்தது.

உயர்வும் முடிவும்

1972-ஆம் ஆண்டில் சியர்ஸ் என்ற பெரும் அங்காடி நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரும் வேலையை இச்சங்கத்துக்குக் கொடுத்தது. கார்டுராய் வரிவரியான மேடுகள் உள்ள கனத்த துணி. வெட்டியபின் எஞ்சிய நீண்ட துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டு போயினர். பொன்னிறம், இலைப்பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு ஆகிய அந்நிறங்களில் அவர்கள் தம் மனப்போக்கில் தைத்த போர்வைகள் ஊரெங்கும் பரவின. பகலில் சங்கத்தில் ஒரே மாதிரி உறைகளைத் தைத்த கை, இரவில் வீட்டில் தன் விருப்பம் போல் தைத்தது.

2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க் நகரின் விட்னி காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றன. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றின் படங்களைத் தாங்கிய 10 தபால் தலைகளை வெளியிட்டது. வீட்டில் விருப்பம் போல் தைத்த போர்வைகளே கலைப் பொருளாகப் பாராட்டப் பெற்றன. ஆனால் 1966-ஆம் ஆண்டில் பிறந்த சங்கமோ, வேலை உத்தரவுகள் குறைந்து, மூத்த அங்கத்தினர் மறைந்து, 2012-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இதைத் தோல்வி என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஏறக்குறைய 46 ஆண்டுகள் அச்சங்கம் தன் அங்கத்தினருக்குக் கூலி கொடுத்தது. வீடிழந்தவர்களுக்கு மனை கொடுத்தது. வெளியூரில் வேலை தேட வழியில்லாத பெண்களுக்கு ஊரிலேயே வேலை கொடுத்தது. ஆயினும் அதன் முடிவு நமக்குச் சில எச்சரிக்கைகளையும் விட்டுச் சென்றிருக்கிறது. வெளி நிறுவனங்களின் பெரிய உத்தரவுகளையே நம்பி நிற்கும் சங்கம், அவை குறையும் நாளில் தளரும். இளைய தலைமுறைக்குத் தொழிலும் நிருவாகமும் ஒருங்கே கற்பிக்கப்படாத சங்கம், மூத்தோரோடு முடியும். விற்பனைக்குச் சீரான பொருள் வேண்டும் என்பது உண்மை. கையின் தனித்தன்மைக்கும் சங்கத்தில் இடம் வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் வழியைத் தேடுவது நிருவாகக் குழுக்களின் கடமை.

நம் நெசவாளர் வீடுகளிலும் தையற் கூடங்களிலும் துண்டுத் துணி இருக்கிறது. நம் விவசாயிகளிடம் பருத்தி இருக்கிறது. வீட்டுப் பெண்களின் கையில் ஊசி இருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்து ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுத ஒரு சங்கம் முன்வருமானால், மூன்றாவது கைக்கும் அதன் கூலி கிடைக்கும். முதற்படியாக, வரும் மாதத்தில் அங்கத்தினர் குடும்பத்துச் சகோதரிகள் நால்வர் கூடி, மேலே கூறிய முறையில் 18 அங்குலச் சதுரம் ஒன்றைத் தைத்துப் பார்க்கட்டும். நான்கும் ஒரே அளவாக வந்தால் இணைக்கலாம். வராவிட்டால் பிரித்து மீண்டும் தைக்கலாம். அலபாமாவின் சகோதரிகளும் அவ்வாறு பிரித்துப் பிரித்துத் தைத்தே தேர்ச்சி பெற்றார்கள்.